இறைச்சி வெப்பமானி வாங்குவோர் கவனத்திற்கு: பெட்டியைப் பிரித்த அன்றே பனிக்கட்டி நீரில் சோதியுங்கள்

கோழி உள்ளே வெந்துவிட்டதா என்பதைக் கத்தியால் கீறிப் பார்த்தே பல ஆண்டுகளை ஓட்டியவன் நான். அந்த ஊகத்துக்கு ஒரு முடிவு கட்ட எண்ணி, ஊசிமுனை கொண்ட மின்னணு வெப்பமானி ஒன்றை இணையத்தில் வாங்கினேன். இரண்டு நொடியில் அளவு காட்டும், 0.1 டிகிரி துல்லியம் உடையது, தண்ணீரில் கழுவலாம் என்று விற்பனைப் பக்கம் மூன்று வாக்குறுதிகளைத் தந்திருந்தது. மூன்றுமே பொய் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஏழு வாரங்கள் ஆயின. பொருளைத் திருப்பி அனுப்புவதற்கான கெடுவோ 30 நாள்.

முதல் சந்தேகம் ஒரு முழுக்கோழியை ஓவனில் வாட்டியபோது வந்தது. தொடையின் தடித்த பகுதியில் ஊசியைச் செருகியதும் திரை 75 டிகிரி செல்சியஸ் காட்டியது. கோழிக்கறிக்குப் போதுமானது என்று அமெரிக்க வேளாண்மைத் துறை சொல்லும் அளவு 74 டிகிரி என்பதால், நிம்மதியாக வெளியே எடுத்து வெட்டினேன். மூட்டை ஒட்டிய சதை வெள்ளையாக இறுகாமல், கண்ணாடி போல வழவழவென்று இருந்தது. இளம்பறவைகளின் எலும்பிலிருந்து கசியும் நிறமியால் நன்றாக வெந்த கறிகூட எலும்பருகே சிவந்து தோன்றலாம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் இங்கே நிறம் மட்டுமல்ல, சதையின் பதமே வேகாத பதமாக இருந்தது. அப்போதும் நான் கருவியைச் சந்தேகிக்கவில்லை. ஊசிமுனை எலும்பில் பட்டிருக்கும், கை தவறியிருக்கும் என்று என்னையே குறை சொல்லிக்கொண்டு, கறியை மீண்டும் ஓவனுக்குள் தள்ளினேன். இப்படி மூன்று முறை நடந்தது. தசமப் புள்ளியோடு ஓர் எண் திரையில் மின்னும்போது, அதை மறுத்துத் தன் கண்ணை நம்புவதற்கு ஏனோ மனம் துணிவதில்லை.

ஏழாவது வாரத்தில்தான், முதல் நாளே செய்திருக்க வேண்டிய சோதனையைச் செய்தேன். உயரமான குவளை நிறையப் பனிக்கட்டித் தூளைப் போட்டு, அதன் இடைவெளிகள் நிரம்பும் அளவுக்கு மட்டும் குளிர்ந்த நீரை ஊற்றிக் கலக்கி, இரண்டு நிமிடம் விட்டு, அடியிலும் சுவரிலும் படாமல் ஊசிமுனையை நடுவில் நிறுத்த வேண்டும். நல்ல கருவி 0 டிகிரியையோ அதற்கு மிக அருகிலோ காட்டும். என்னுடையது 7 காட்டியது. கொதிநீரில் 108 காட்டியது. கொதிநிலை கடல்மட்டத்தில் 100 டிகிரி. ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி வீதம் அது குறையுமே தவிர, திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 108 டிகிரிக்குப் போகாது. இவ்விரண்டையும் வைத்துக் கணக்கிட்டால், திரை 74 என்று சொன்னபோதெல்லாம் கறியின் உண்மையான வெப்பநிலை 66 டிகிரிதான்.

கருவி குறைத்துக் காட்டியிருந்தால் கறி சற்று வறண்டு போயிருக்கும், முணுமுணுத்துக்கொண்டு சாப்பிட்டிருப்போம். கூட்டிக் காட்டுவது வேறு விவகாரம். சால்மோனெல்லா, கேம்பைலோபாக்டர் போன்ற கிருமிகள் பிழைத்திருக்கக்கூடிய கறியை, வெந்துவிட்டது என்று சான்றளித்துத் தட்டில் வைக்கிறது அது. கொத்துக்கறியில் இன்னும் கவனம் தேவை. முழுத்துண்டு ஆட்டுக்கறிக்கோ மாட்டுக்கறிக்கோ 63 டிகிரியும் அதன்பின் மூன்று நிமிட ஓய்வும் போதும். அரைக்கும்போது மேற்பரப்பிலுள்ள கிருமிகள் உள்ளே கலந்துவிடுவதால், கொத்துக்கறிக்கு 71 டிகிரி வேண்டும். அது பாதுகாப்பான அளவை எட்டும் முன்பே பழுப்பாக மாறிவிடக்கூடும் என்பதால், அங்கே கண்ணும் உதவிக்கு வராது. வீட்டில் யாருக்கும் வயிறு கெடவில்லை என்பது எங்கள் நல்வினை.

துல்லியம் பற்றிய வாக்குறுதியில் ஒரு சொல்விளையாட்டு இருக்கிறது. 0.1 என்பது திரை எத்தனை நுணுக்கமாக எண்ணை எழுதிக் காட்டும் என்பதன் அளவு. அந்த எண் உண்மையிலிருந்து எவ்வளவு விலகலாம் என்பது முற்றிலும் வேறு அளவு. பின்னதை, கூட்டல் கழித்தல் குறியோடு இத்தனை டிகிரி என்று எழுதியிருக்க வேண்டும். என் பெட்டியில் அது எங்கும் இல்லை. இரண்டு நொடி என்பதும் அப்படித்தான்: இரு வேறு உலோகக் கம்பிகளின் இணைப்பால் வெப்பத்தை உணரும் வெப்ப இரட்டை வகைக் கருவிகள் சில நொடிகளில் அளந்துவிடும், வெப்பத்துக்கேற்ப மின்தடை மாறும் உணரியைக் கொண்ட தெர்மிஸ்டர் வகைக்குச் சுமார் பத்து நொடியாகும், என்னுடையதோ நிலைபெற 25 நொடி எடுத்துக்கொண்டது. கழுவலாம் என்றார்களே, நான்காம் முறை கழுவியபோதே திரைக்குள் ஆவி படிந்தது. தூசும் நீரும் உள்ளே புகாத தன்மையைக் குறிக்கும் ஐபி67 போன்ற குறியீடு இருந்தால், ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள் கொள்ளலாம். குறியீடு இல்லாத வெறும் சொல்லுக்கு எந்தப் பொருளும் இல்லை.

விற்பனையாளருக்குப் படங்களோடு எழுதினேன். என் பனிக்கட்டி தூய நீரால் ஆனதல்ல என்று முதல் பதில் வந்தது. காணொளி கேட்டார்கள், அனுப்பினேன். கெடு முடிந்துவிட்டதாகச் சொன்னார்கள். பிறகு, ஐந்து நட்சத்திர மதிப்புரை எழுதினால் பாதிப் பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். அதற்கு நான் உடன்படாததால், கறியைக் குத்தவே தேவையில்லாத உயர்வகைக் கருவி என்று ஓர் அகச்சிவப்பு வெப்பமானியை மாற்றாகத் தர முன்வந்தார்கள். அவசரத்தில் சரி என்று எழுதத் தொடங்கியவன், பாதியில் நிறுத்தினேன். அகச்சிவப்புக் கருவி மேற்பரப்பின் வெப்பத்தை மட்டுமே அளக்கும். கறியின் தோல் 150 டிகிரியில் பொரிந்துகொண்டிருக்கையில் நடுப்பகுதி 40 டிகிரியில் பச்சையாகவே இருக்கலாம். வாணலி சூடாகிவிட்டதா என்று பார்க்க அது உதவும், அதுவும் பளபளப்பான உலோகமாக இருந்தால் தவறாகவே காட்டும். ஒரு பொய்க்கு ஈடாக இன்னொரு பொய்யை அனுப்பப் பார்த்தார்கள்.

இரண்டாவதாக வாங்கியதைப் பிழை அளவு அச்சிடப்பட்டிருக்கிறதா, வாங்குபவரே திருத்திக்கொள்ளும் வசதி உண்டா என்று பார்த்துத் தேர்ந்தேன். முள் காட்டும் வட்ட வகையைத் தவிர்த்தேன். அந்த வகையில் உணரும் பகுதி தண்டின் நுனியிலிருந்து ஐந்தாறு சென்டிமீட்டர் வரை நீள்வதால், மெல்லிய துண்டுகளில் பக்கவாட்டில் செருகினால்தான் சரியாக அளக்கும். புதியது வந்த அன்றே, சமையலறைக்குள் போகும் முன், பனிக்கட்டி நீரில் நின்றது: 0.3. பழையதன் பேட்டரியைக் கழற்றிவிட்டு, தவறியும் யாரும் எடுத்துவிடக் கூடாதென்று அதன் மீது காகிதம் சுற்றி, '7 கூடுதல்' என்று எழுதி வைத்திருக்கிறேன். என் கடைசி மின்னஞ்சலுக்கு இன்னும் பதில் வரவில்லை.