சி10 பிக்கப்புக்கு ஹெடரா, மேனிஃபோல்டா?

என்னிடம் இருப்பது 1970ஆம் வருடத்து செவர்லே சி10 பிக்கப். 350 கன அங்குல வி8 எஞ்சின். நான் வாங்கும்போதே அதில் நீளக்குழாய் ஹெடர் இருந்தது. எஞ்சின் புகையைச் சைலன்சர் குழாய்க்குக் கொண்டுபோகும் குழாய்த் தொகுப்புதான் ஹெடர். இரண்டு வருடம் அப்படியே ஓட்டினேன். போன குளிர்காலத்தில் அதைக் கழற்றிவிட்டு, ‘ராம்ஸ் ஹார்ன்’ என்று சொல்லும் ஆட்டுக்கொம்பு வடிவ, அதே வேலையைச் செய்யும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டை மாட்டினேன். நான் எந்தக் கட்சி என்பது இப்போதே தெரிந்திருக்கும்.

சக்தி என்று பார்த்தால் ஹெடர்தான், அதில் வாதமே இல்லை. சிலிண்டருக்கு ஒரு குழாய். ஒன்றின் புகை இன்னொன்றை மறிக்காது. ஆனால் அந்த லாபத்தில் பெரும்பகுதி எஞ்சின் வேகமாகச் சுழலும்போதுதான் தெரியும். என் வண்டியோ பலகையும் உரமூட்டையும் ஏற்றிக்கொண்டு நிமிடத்துக்கு 2,000 சுற்றில் உருண்டு போகிற வண்டி. எடையும் ஹெடரில் குறைவு. சத்தம் அவரவர் காதைப் பொறுத்தது.

என்னை மாற வைத்தது கசிவு. ஹெடரின் குழாய் மெல்லிய இரும்புத் தகடு. சூடானால் விரியும், ஆறினால் சுருங்கும். அதில் போல்ட்டுகள் மெல்லத் தளர்ந்துவிடும். பக்கத்துக்கு ஆறு, மொத்தம் பன்னிரண்டு. காலையில் எஞ்சினை எழுப்பியதும் ‘டிக் டிக்’ என்று சத்தம், சூடேறியதும் மறைந்துவிடும். எஞ்சினுக்குள் வால்வைத் தூக்கும் லிஃப்டர்தான் கெட்டுவிட்டது என்று பயந்து ஒரு மாதம் அலைந்திருக்கிறேன். கடைசியில் பார்த்தால் நடுவில் இரண்டு புகைத் துளைகள் ஒட்டி இருக்கும் இடத்தில் கேஸ்கெட் (இணைப்பு கசியாமல் இருக்க நடுவில் வைக்கும் தகடு) எரிந்திருந்தது. அங்கே இரண்டுக்கும் நடுவே இருப்பது சின்னப் பட்டைதான். மாற்றினேன், மூன்று மாதத்தில் மறுபடியும் அதே இடம். விளிம்புத் தகடே லேசாக வளைந்திருந்ததால் எந்தக் கேஸ்கெட்டும் நிற்கவில்லை. போல்ட்டை முறுக்கலாம் என்றாலும் பாதிக்கு ஸ்பேனர் நுழையாது, குழாய் மறிக்கும். அப்புறம் ஸ்பார்க் பிளக் உறை உருகுவது, நெடுந்தூரம் ஓட்டி நிறுத்தினால் சூட்டில் ஸ்டார்ட்டர் மோட்டார் மக்கர் பண்ணுவது எல்லாம் தனிக்கதை.

வார்ப்பிரும்பு இதற்கு நேர்மாறு. கனமான, மட்டமாகச் சீவிய முகம். இந்த எஞ்சின்கள் பலவற்றில் தொழிற்சாலையிலேயே கேஸ்கெட் இல்லாமல்தான் மாட்டினார்கள். பிளக் மாற்ற இப்போது எனக்கு அரை மணி நேரம் போதும்.

பழைய மேனிஃபோல்டு வாங்குகிறவர்கள் கொஞ்சம் பார்த்து வாங்க வேண்டும். கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்துவிட்டு விரிசல் இருக்கிறதா பாருங்கள். முகத்தில் நேர்கோல் வைத்து மட்டம் பாருங்கள். கோணல் இருந்தால் லேத் பட்டறையில் சீவித் தருவார்கள். சைலன்சர் குழாய் மாட்டும் கீழ்வாயில் இருக்கும் மூன்று ஸ்டட்டுகளும் (தலையில்லாத போல்ட்டுகள்) துருப்பிடித்துத்தான் இருக்கும். நான் கழற்றும்போது இரண்டு முறிந்தன. துளையிட்டு எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமையே போய்விட்டது. புது ஸ்டட்டுக்குப் பித்தளை நட்டு போடுங்கள், துரு பிடித்து ஒட்டாது. வாய் அகலம் இரண்டு அங்குலமும் உண்டு, இரண்டரையும் உண்டு. கிடைத்தால் இரண்டரையை விடாதீர்கள். வலப்பக்கம், எஞ்சின் சீக்கிரம் சூடேறப் புகையை மறிக்கும் பழைய வெப்ப வால்வு இருந்தால் அது மூடியபடி சிக்கிக்கொள்ளவில்லையா என்றும் பாருங்கள். சிக்கினால் அந்தப் பக்கம் முழுக்க மூச்சு அடைக்கும்.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். என்னிடம் இருந்தது விலை மலிவான, வெறும் கறுப்பு வண்ணம் அடித்த ஹெடர். தடித்த விளிம்பும் செராமிக் பூச்சும் உள்ளதை நான் ஓட்டிப் பார்த்ததில்லை. அது இவ்வளவு படுத்தாமல் இருக்கலாம். குட்டைக்குழாய் ஹெடரும் அப்படித்தான், நண்பர் வண்டியில் ஒருமுறை உட்கார்ந்து போனதோடு சரி. வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட்டை மாற்றி, பந்தயத்துக்கு ஓட்டுகிறவர்கள் என் பேச்சைக் கேட்க வேண்டாம்.

கழற்றிய ஹெடர் கொட்டகையில் கிடக்கிறது. சும்மா தருகிறேன் என்று ஒருவரைக் கூப்பிட்டேன். ஸ்டீயரிங் கம்பி இடிக்காமல் இருக்க முந்தையவர் சுத்தியலால் அடித்து வைத்திருந்த பள்ளத்தைப் பார்த்தார். மேனிஃபோல்டு இன்னொரு ஜோடி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனார்.