சிறு காமிக்ஸ் பதிப்பாளரின் கணக்கேட்டிலிருந்து கிக்ஸ்டார்ட்டர்

சிறு காமிக்ஸ் பதிப்பகங்கள் பலவும் நல்ல புத்தகம் கையில் இருக்கும்போதே மூடப்படுகின்றன. ஓவியருக்குப் பக்கக் கூலி முதலில் போகிறது. வண்ணம் தீட்டுபவருக்கும் வசனம் பொறிப்பவருக்கும் அடுத்துப் போகிறது. அச்சகம் முன்பணம் வாங்கிக்கொண்ட பிறகே வேலையைத் தொடங்குகிறது. விற்ற பணம் திரும்பி வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடுகின்றன. இந்த இடைவெளியை அடைக்கத்தான், வாசகர்களிடமிருந்து முன்கூட்டியே பணம் திரட்ட உதவும் கிக்ஸ்டார்ட்டர் இணையதளத்தை நான் நாடினேன். இரண்டு புத்தகங்களை அதன் வழியாக வெளியிட்டு, கடைசிப் பொதியையும் தபாலில் சேர்த்த பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

2009ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்தச் சேவையின் அடிப்படை விதி எளிமையானது. புத்தகத்துக்குத் தேவைப்படும் தொகையை இலக்காக அறிவிக்க வேண்டும். அதிகபட்சம் 60 நாட்களுக்குள் வாசகர்களின் முன்பதிவு அந்த இலக்கைத் தொட்டால் பணம் நமக்கு வரும். தொடாவிட்டால் எவரிடமிருந்தும் ஒரு காசுகூட எடுக்கப்படாது. தொடக்கத்தில் இந்த விதி எனக்கு அச்சத்தையே தந்தது. இன்று இதுவே இச்சேவையின் ஆகச் சிறந்த அம்சம் என்பேன். அரைகுறைத் தொகையோடு மீதியைக் கடன் வாங்கி அச்சேற்றி, விலைபோகாத கட்டுகளைக் கட்டிலுக்கு அடியில் அடுக்கிவைக்கும் நிலைக்குப் பதிப்பாளர் போகாமல் அது தடுக்கிறது.

கட்டணத்தைப் பொறுத்தவரை, திரண்ட தொகையில் 5 சதவீதத்தைத் தளம் எடுத்துக்கொள்கிறது. பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 8 முதல் 10 சதவீதம் வரை கழிந்துவிடும். இதை விநியோகஸ்தர் வழியாகக் கடைகளுக்குப் போகும் புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும். அங்கே அட்டை விலையில் 60 சதவீதம் அளவுக்குக் கழிவு கொடுப்பது வழக்கம். அட்டை விலை 100 என்றால் பதிப்பாளர் கைக்கு வருவது 40. அதற்குள்ளேயே தாள், அச்சு, நூல் கட்டுதல், படைப்பாளிகளின் கூலி அனைத்தும் அடங்க வேண்டும். ஆஃப்செட் அச்சில் தகடு தயாரிப்பதற்கும் இயந்திரத்தை ஓட்டத்துக்குக் கொண்டுவருவதற்கும் ஆகும் செலவு 300 பிரதிக்கும் 3,000 பிரதிக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதால், குறைந்த பிரதிகள் அச்சிடுபவருக்கு அந்த 40 எந்த வகையிலும் கட்டுப்படியாகாது.

விநியோகஸ்தர் ஒருவரையே நம்பியிருப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 1982இல் தொடங்கி, அமெரிக்கக் காமிக்ஸ் கடைகளுக்கான விநியோகத்தைப் பல்லாண்டு தன் கையில் வைத்திருந்த டயமண்ட் நிறுவனம் 2025 ஜனவரியில் கடன்காரர்களிடமிருந்து நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்பு கோரியது. விற்ற பிறகு பணம் என்ற ஏற்பாட்டில் பதிப்பகங்கள் அதன் கிடங்கில் வைத்திருந்த புத்தகங்களையே விற்றுக் கடனை அடைக்க அனுமதி கேட்டு, அவ்வழக்கில் மனுவும் போடப்பட்டது. சிறு பதிப்பகத்துக்குக் கிடங்கில் கிடக்கும் அந்தக் கட்டுகள்தான் மூலதனம். வாசகரிடமிருந்து பணம் நேரே வரும் ஒரு வழி எவ்வளவு அவசியம் என்பதை அந்த மனுவைப் பற்றிப் படித்தபோதுதான் முழுமையாக உணர்ந்தேன்.

இனி, நான் அடிபட்ட இடத்துக்கு வருகிறேன்: தபால் செலவு. முதல் புத்தகத்தின் மாதிரிப் பிரதியைத் தராசில் வைத்தபோது 230 கிராம் காட்டியது. அதை வைத்தே அனுப்பும் செலவைக் கணக்கிட்டேன். அச்சாகி வந்த பிரதிகளை வெறும் உறையில் போட்டு அனுப்பிப் பார்த்ததில், முதல் பத்தில் மூன்று முனை மடங்கிப் போய்ச் சேர்ந்தன. காமிக்ஸ் வாசகர் முனை மடங்கிய பிரதியை ஏற்கமாட்டார், ஏற்கவும் வேண்டியதில்லை. எனவே முன்னும் பின்னும் கெட்டி அட்டை வைத்து, பிளாஸ்டிக் உறையிட்டு, ஒட்டுநாடா சுற்றியபோது எடை 262 கிராமானது. தபால் கட்டணம் அடுத்த படிக்கு ஏறிவிட்டது. ஒரு பொதிக்குக் கூடிய செலவு சிறியதுதான், ஆனால் ஐந்நூறு பொதிகளில் அது என் லாபம் முழுவதையும் கொண்டுபோனது. பிழை என்னுடையதே. எனினும் புதியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: முன்பதிவின்போதே வாசகரிடம் தபால் செலவையும் வாங்கினால் அதுவும் திரண்ட தொகையில் சேர்ந்துவிடும், இலக்கை எட்டிவிட்டதாகத் தோன்றும், அந்தப் பணத்துக்கும் சேர்த்தே 5 சதவீதம் கழியும். இரண்டாம் புத்தகத்தில், பொதி கட்டி எடை போட்ட பிறகே இலக்கை எழுதினேன். மின்நூல் மட்டும் பெறும் முன்பதிவுப் பிரிவையும் முன்னிலைப்படுத்தினேன். தாளும் தபாலும் இல்லாத அந்தப் பிரிவுதான் இரண்டாம் முறை என்னைக் கரையேற்றியது.

கிக்ஸ்டார்ட்டர் சிறு பதிப்பகங்களுக்கு மட்டுமான கருவி அல்ல. 2013இல் தன் பங்குதாரர் கிம் தாம்ப்சனை இழந்த ஃபாண்டாகிராஃபிக்ஸ் என்ற அமெரிக்கக் காமிக்ஸ் பதிப்பகம், அடுத்த பருவத்து நூல்களை வெளிக்கொணர 1,50,000 டாலர் கேட்டு, 2,20,000 டாலருக்கும் மேல் பெற்றது. பல்லாண்டுகளாகச் சேர்த்த வாசகர் கூட்டம் அவர்களுக்கு இருந்தது. புதிய பதிப்பகம் அந்தக் கூட்டத்தைத் திட்டம் தொடங்கும் முன்பே திரட்டியிருக்க வேண்டும். தளம் தானாக வாசகரைக் கொண்டுவந்து தரும் என்று நம்பி இறங்குவோருக்கு முதல் வாரத்திலேயே ஏமாற்றம் காத்திருக்கிறது. திட்டம் தொடங்கும் உரிமை எல்லா நாட்டினருக்கும் கிடையாது என்பதால், அனுமதி உள்ள நாடுகளின் பட்டியலையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும்.

அச்சுச் செலவை முன்கூட்டியே பெற்றுத் தரும் சேவை என்ற அளவில் இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். பதிப்பகத்தை நடத்தும் அன்றாடச் செலவுக்கு இதை நம்பக் கூடாது. இலக்குத் தொகையைச் சிறிதாகக் காட்டும் ஆசையில் பதிப்பாளர்கள் முதலில் வெட்டுவது ஓவியரின் கூலியைத்தான், நானும் முதல் புத்தகத்தில் அதைச் செய்தேன். இப்போது மூன்றாம் புத்தகத்துக்கான கணக்கை எழுதிக்கொண்டிருக்கிறேன். 64 பக்கங்களுக்கான ஓவியக் கூலியை அச்சுச் செலவுக்கும் மேலே, முதல் வரியில் எழுதியிருக்கிறேன். இலக்கு ஏறத்தாழ இரு மடங்காகிவிட்டது. அந்தத் தொகையையே அறிவிக்கப் போகிறேன்.