நுவரெலியா ஏற்றத்துக்கு எந்த எம்3? எஸ்65 வி8, எஸ்55 டர்போ: ஓர் ஒப்பீடு

மலையகத்தில் பீ.எம்.டபிள்யூ எம்3 வாங்க நினைப்பவர் முன்னால் பெரும்பாலும் இரண்டு என்ஜின்கள்தான் நிற்கின்றன. ஒன்று 2007 முதல் 2013 வரை வந்த இ90, இ92 கார்களின் எஸ்65. மற்றது 2014இல் வந்த எஃப்80 எம்3, எஃப்82 எம்4 கார்களின் எஸ்55. இரண்டின் உற்பத்தியும் நின்றுவிட்டது, இறக்குமதிக்கும் வயது வரம்பு உண்டு. ஆகவே நாட்டுக்குள் ஏற்கெனவே ஓடுகிறவற்றில்தான் தேட வேண்டும். பலர் கொழும்பில் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கிறார்கள். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் இந்த இரண்டு என்ஜின்களும் வேறு வேறு விதமாக நடந்துகொள்ளும்.

எஸ்65 டர்போ (காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத வி8, அதாவது எட்டு சிலிண்டர் என்ஜின். 3,999 சிசி, அமுக்க விகிதம் (சிலிண்டருக்குள் கலவை அமுங்கும் அளவு) 12:1. நிமிடத்துக்கு 8,300 சுழற்சியில் 420 குதிரைவலு, 3,900 சுழற்சியில் 400 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை (என்ஜின் திருப்பும் விசை). எஸ்55 இரட்டை டர்போ பூட்டிய ஆறு சிலிண்டர் நேர்வரிசை என்ஜின். 2,979 சிசி, 10.2:1, 431 குதிரைவலு. வலுவில் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் எஸ்55இன் முறுக்குவிசை 550 நியூட்டன் மீற்றர். அது 1,850 சுழற்சியிலேயே தொடங்கி 5,500 வரை அப்படியே நிற்கிறது.

கம்பளையிலிருந்து நுவரெலியா ஏறும் பாதையின் றம்பொடை வளைவுகளில் இதன் பொருள் புரியும். இரண்டாம் கியரில் 30 கிலோமீற்றர் வேகத்தில் வளைவை விட்டு வெளியே வரும்போது எஸ்65 சுமார் 2,200 சுழற்சியில் இருக்கும். உச்ச முறுக்குவிசை அங்கிருந்து வெகுதூரம். முதலாம் கியருக்கு இறக்கினால்தான் கார் இழுக்கும். எஸ்55 அதே இடத்தில் 1,900ஐத் தொட்டிருக்கும். டர்போ சுற்றெடுக்கும் கணம் கழிந்ததும் முழு இழுவையும் கைக்கு வந்துவிடும்.

இதற்கு மேல் காற்றின் கணக்கு இருக்கிறது. நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதன் சுமார் 80 சதவீதம்தான். 30 பாகை கொழும்பையும் 15 பாகை நுவரெலியாவையும் ஒப்பிட்டால், குளிர் கொஞ்சத்தைத் திருப்பித் தந்தாலும் காற்றின் அடர்த்தி 16 சதவீதம் குறையும். டர்போ இல்லாத என்ஜினுக்கு அது நேரடி இழப்பு. 420 குதிரைவலு 350க்குச் சற்று மேலே வந்து நிற்கும். எஸ்55 டர்போவை இன்னும் வேகமாகச் சுழற்றி அந்தக் குறையை ஈடுகட்டிவிடும். ஏற்றத்தில் வேகம் மட்டும்தான் கேள்வி என்றால் எஸ்55 தெளிவாக முன்னால்.

அந்த ஈட்டுக்கு ஒரு விலை உண்டு. கடல்மட்டத்தில் காற்றை இரண்டு மடங்காக அமுக்க வேண்டிய டர்போ, அதே அளவு காற்றுக்காக நுவரெலியாவில் ஏறக்குறைய இரண்டரை மடங்கு அமுக்க வேண்டும். அமுக்கினால் காற்று சூடாகும். சூடான காற்றும் ஒக்டேன் (பெற்றோல் தட்டலைத் தாங்கும் அளவு) குறைந்த பெற்றோலும் சேர்ந்தால் என்ஜின் தட்டும், அதாவது எரிபொருள் கட்டுப்பாடின்றித் தானாகவே வெடித்து எரியும். இங்கே பெரும்பாலான நிலையங்களில் கிடைப்பது 92, 95 ஒக்டேன் இரண்டும்தான். இந்த என்ஜின்கள் முழு வலுவைத் தருவது 98இல். எஸ்65இல் உயரம் ஏற ஏற சிலிண்டருக்குள் போகும் காற்று குறைவதால் தட்டும் அபாயமும் குறைகிறது. எஸ்55இல் அப்படி இல்லை. மலையில் எஸ்55 வைத்திருப்பவர் தவறுதலாகக்கூட 92 ஊற்றக்கூடாது. தோட்டப் பக்கம் 95 தீர்ந்துபோகும் நாட்கள் உண்டு. ஆகவே பயணத்துக்கு முன் கண்டியிலோ ஹட்டனிலோ தாங்கியை நிரப்பிக்கொள்ளுங்கள். எஸ்65இலும் 95தான் ஊற்ற வேண்டும்.

இனி உடைவது எது என்று பார்ப்போம். எஸ்65இன் பெயரைக் கெடுத்தது கொன்ரொட் பெயாரிங், அதாவது பிஸ்டனைக் கிராங்கோடு (என்ஜினின் சுழலும் தண்டு) இணைக்கும் ரொட்டின் கீழ்முனைத் தாங்கி. கிராங்கில் அது உட்காரும் இடத்தின் விட்டம் சுமார் 52 மில்லிமீற்றர். அந்த அளவுக்கு ஒயில் படலத்துக்கென 0.05 மில்லிமீற்றர் இடைவெளி விடுவது என்ஜின் கட்டுபவர்களின் பொதுவான வழக்கம். இதில் அளந்தால் பெரும்பாலும் 0.03 பக்கம்தான் இருக்கும். அந்த ஒடுக்கமான இடத்தில், குளிர்ந்த நிலையில் தேன்போல் தடித்திருக்கும் 10டபிள்யூ-60 ஒயில் ஓட வேண்டும்.

மலைநாட்டுக்கே உரிய ஆபத்து இங்கேதான். மார்கழி, தை மாதங்களில் நுவரெலியாவில் காலை வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே போகும். லபுக்கலை வழியாகக் கொத்மலை நோக்கி இறங்கும்போது என்ஜின் வேலை செய்வதில்லை, கியர்தான் காரைப் பிடித்து நிற்கிறது. நீர் சூடாகிவிடும், ஒயில் சூடாகாது. அரை மணி நேரம் இறங்கிய பிறகும் ஒயில் வெப்பங்காட்டி சூடான நிலையைத் தொடாமலே கிடக்கலாம். கீழே நேர்ப் பாதை கண்டதும் 8,000 சுழற்சிக்கு மிதித்தால் அடி வாங்குவது அந்த பெயாரிங். ஒயில் வெப்பம் 80 பாகையைத் தாண்டும்வரை 4,000 சுழற்சிக்கு மேல் போகாதீர்கள். சுழற்சிமானியின் எச்சரிக்கை விளக்குகள் ஒயில் சூடேற ஏற மேலே நகர்வது இதற்காகத்தான்.

எட்டு ரொட், பதினாறு பெயாரிங் ஓடுகள். என்ஜினை வெளியே எடுக்கத் தேவையில்லை. என்ஜினைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு முன் சப்ஃபிரேமை (என்ஜினுக்குக் கீழுள்ள சட்டம்) இறக்கி, சம்பைக் (அடியிலுள்ள ஒயில் தட்டு) கழற்றினால் கீழிருந்தே மாற்றலாம். போல்ட்டுகள் இறுக்கும்போது நீள்பவை, ஆகவே பழையவற்றைத் திரும்பப் போடவே கூடாது. கழற்றிய ஓடுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஆரம்பகால ஓடுகளில் மேற்பூச்சு தேய்ந்து செம்பு நிறம் தெரிந்தால் சரியான நேரத்தில்தான் கழற்றியிருக்கிறீர்கள். முன்கூட்டி அறிய ஒயில் மாற்றும்போது மாதிரி எடுத்துப் பரிசோதிக்கலாம். ஆரம்பகால ஓடுகள் தேய்ந்தால் ஈயமும் செம்பும் ஏறும். பின்னாளில் வந்தவை தேய்ந்தால் வெள்ளீயமும் அலுமினியமும்.

எஸ்65இன் அடுத்த நோய் திரொட்டில் அக்சுவேட்டர், அதாவது காற்று போகும் கதவுகளான திரொட்டில்களைத் திறந்து மூடும் மோட்டர். சிலிண்டர் வரிசைக்கு ஒன்றாக இரண்டு உண்டு. ஒவ்வொன்றும் நான்கு திரொட்டில்களை அசைக்கிறது. உள்ளே பற்சக்கரம் தேய்ந்தால் என்ஜின் விளக்கு எரிந்து வலு திடீரென்று குறையும். கினிகத்தேனை ஏற்றத்தில் பின்னால் பஸ் வரும்போது இது நடப்பது நல்லதல்ல. பற்சக்கரத்தை மட்டும் மாற்றிச் சரிசெய்பவர்கள் இருக்கிறார்கள். ஒன்று போனால் இரண்டையும் சேர்த்துச் செய்வதே புத்தி.

எஸ்55இல் பயப்பட வேண்டியது கிராங்க் ஹப், அதாவது கிராங்கின் முன்முனையில் பற்சக்கரத்தைப் பிடித்திருக்கும் பாகம். வால்வுகள் திறந்து மூடும் நேரத்தை (டைமிங்) ஒழுங்குபடுத்தும் டைமிங் செயின் ஓடும் பற்சக்கரம் கிராங்கில் சாவி போட்டுப் பூட்டப்படவில்லை. நடு போல்ட்டின் இறுக்கத்தில், உராய்வால் மட்டுமே நிற்கிறது. திடீரென்று கியர் மாறும்போது வரும் அதிர்வில் அது ஒரு துளி நழுவினால் டைமிங் விலகிவிடும். கொஞ்சம் விலகினால் என்ஜின் விளக்கும் நடுக்கமும். அதிகம் விலகினால் வால்வு பிஸ்டனில் இடிக்கும். கம்பனியில் வந்தபடியே இருக்கும் காரில் இது அரிது; ரீமேப் செய்து (என்ஜின் கணினியின் மென்பொருளை மாற்றி) முறுக்குவிசையைக் கூட்டிய காரில்தான் அதிகம் கேள்விப்படுகிறோம். ஆணி (பின்) அடித்துப் பூட்டும் ஹப் கிடைக்கிறது, ஆனால் டைமிங் கருவிகள் இல்லாத கராஜில் இந்த வேலையைத் தொடவிடாதீர்கள். ஓடும்போது டைமிங் பிழைக் குறியீடு (கோட்) வந்தால் என்ஜினை நிறுத்துங்கள், திரும்ப ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டாம். கார் தட்டையான லொறியில்தான் போக வேண்டும்.

நேரடி எரிபொருள் செலுத்தல் என்பதால் எஸ்55இன் உள்வால்வுகளில் கரி படியும். சந்தைக்கும் பாடசாலைக்கும் குளிரில் குறுந்தூரம் ஓடும் கார்களுக்கு இது சீக்கிரம் வரும். எஸ்65இல் பெற்றோல் வால்வுக்கு முன்னாலேயே தெளிக்கப்படுவதால் இந்தச் சிக்கல் இல்லை. இரண்டுக்கும் பொதுவாக ஒன்று: நுவரெலியாவில் திறந்த பாத்திரத்தில் நீர் 94 பாகையிலேயே கொதிக்கும். கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் நீர்) தாங்கியின் மூடி அழுத்தத்தைப் பிடித்திருந்தால் கவலையில்லை. ரப்பர் காய்ந்த மூடியோடு ஏறினால் கொழும்பில் தெரியாத கசிவு இங்கே ஆவியாகத் தெரியும்.

ஹட்டனிலோ தலவாக்கலையிலோ இருந்துகொண்டு வாரம் முழுவதும் ஓட்டப்போகிறவருக்கு எங்கள் தெரிவு ரீமேப் செய்யாத எஸ்55. ரீமேப் செய்து, பிறகு விற்பதற்காகப் பழைய நிலைக்குத் திருப்பியது என்ற சந்தேகம் வந்தாலே விட்டுவிடுங்கள். ஏப்ரல் சீசனில் மலையேற்றக் கார்ப் போட்டி நடக்கும் மஹகஸ்தோட்டைப் பக்கம் ஏறி, 8,000க்கு மேல் அந்த வி8 பாடுவதைக் கேட்கத்தான் கார் என்றால் எஸ்65. ஆனால் பெயாரிங் மாற்றியதற்கான பற்றுச்சீட்டும் கழற்றிய ஓடுகளும் இல்லையென்றால், அந்த வேலைக்கான செலவை விலையிலிருந்து கழித்துவிட்டுத்தான் பேரம் பேச வேண்டும்.

பார்க்கப் போகும்போது, என்ஜினை முன்கூட்டி ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவையுங்கள். கம்பளையிலிருந்து புசல்லாவை வழியாக றம்பொடைவரை ஏற்றி, அதே வழியில் இறக்குங்கள். எஸ்65 என்றால் சூடான பிறகு ஐட்லிங்கில் கீழிருந்து தட்டல் கேட்கிறதா என்று பாருங்கள். எஸ்55 என்றால் இறங்கி வந்ததும் பிழை வாசிக்கும் கணினியைக் காரில் இணைத்து டைமிங் விலகலைப் படித்துவிட்டுத்தான் பணத்தை எடுக்க வேண்டும்.