உயர் ஒலீயிக் வீரிய ஒட்டு சூரியகாந்தி விதை: வாங்கலாமா?

ஒரே உயரம், ஏறக்குறைய ஒரே வாரத்தில் பூப்பு, ஒன்றாக அறுவடை. இந்தச் சீருக்காகவே வீரிய ஒட்டு விதைக்குக் காசு கொடுக்கலாம். விளைந்த மணியைப் பிளந்து பார்த்தால் கறுப்புத் தோல் மெல்லிசாக, உள்ளே பருப்பு இடைவெளியில்லாமல் நிறைந்திருக்கும். தோல் எடையில் கால் பங்குக்குள் அடங்குவதால் எண்ணெய் 40 விழுக்காட்டைத் தாண்டுகிறது. கொறிக்கிற பெரிய வரி விதையில் இது நடக்காது.

ஒலீயிக், லினோலீயிக் இரண்டும் சூரியகாந்தி எண்ணெயிலுள்ள முக்கியக் கொழுப்பு அமிலங்கள். சாதாரண எண்ணெய் ரகத்தில் மணி முற்றும்போது இரவு குளிர்ந்தால் லினோலீயிக் கூடும், வெப்பம் ஏறினால் ஒலீயிக் கூடும். உயர் ஒலீயிக் ரகம் அப்படி அலைபாயாது. அதன் எண்ணெயில் ஒலீயிக் 80 விழுக்காட்டுக்கு மேல் நிற்கும். சோவியத் நாட்டில் 1970களில் வேதிப்பொருளால் மரபணுவில் திடீர் மாற்றம் தூண்டிப் பெற்ற ‘பெர்வெனெத்ஸ்’ ரகத்திலிருந்து வந்த குணம் இது. பொரிக்கும் எண்ணெய் சீக்கிரம் கெடாமலிருக்க இந்த ஒலீயிக் மிகுதியே காரணம். ஆனால் பக்கத்து வயலில் சாதாரண ரகம் பூத்தால் அதன் மகரந்தம் விழுந்த மணிகளில் ஒலீயிக் இறங்கிவிடும். ஓர வரிசைகளைத் தனியாக அறுங்கள். ஆலை தனி விலை தராவிட்டால் சாதாரண ஒட்டு ரகமே போதும்.

மகசூல் கொண்டையின் (வட்டமான பூத்தலையின்) நடுவில்தான் கைநழுவும். பூக்கள் விளிம்பிலிருந்து உள்நோக்கி வளையம் வளையமாக விரியும். நடுப்பகுதிக்குக் கடைசியில்தான் முறை வரும். அந்தச் சமயத்தில் நீர் குறைந்தாலோ, போரான் என்ற நுண்சத்து பற்றாவிட்டாலோ, தேனீ வராவிட்டாலோ நடுவெல்லாம் பதர். ஆகவே:

60க்கு 30 செ.மீ. இடைவெளி, குழிக்கு இரண்டு விதை, பத்தாம் நாள் ஒன்றைக் கலைத்துவிடுங்கள். மஞ்சள் இதழ் விரியும்போது லிட்டருக்கு 2 கிராம் போராக்ஸ் என்ற போரான் உப்பை (வெந்நீரில் கரைத்து) தெளியுங்கள். பூக்கும் நாட்களில் பூச்சிமருந்து கூடவே கூடாது. தேனீ குறைவென்றால் காலை 9 முதல் 11 மணிக்குள், ஒருநாள் விட்டு ஒருநாள், மெல்லிய துணியால் பூவை இதமாகத் தடவுங்கள். தழைச்சத்தை அள்ளிப் போட்டால் புரதம் ஏறி எண்ணெய் குறையும்.

கொண்டையின் பின்புறம் எலுமிச்சை மஞ்சளானால் மணி முற்றிவிட்டது. காய்ந்து பழுப்பேறிய பிறகு அறுங்கள். ஈரத்தை 9 விழுக்காட்டுக்குக் கீழே இறக்கிய பின்பே மூட்டை பிடிக்க வேண்டும். ஈரத்தோடு குவித்தால் சூடேறி, எண்ணெயில் அமிலம் கூடிக் காறும்.

இதில் விளைந்ததை அடுத்த போகத்துக்கு விதையாக எடுக்காதீர்கள். செடிகள் ஏற்ற இறக்கமாக வளரும், பூப்பு சிதறும், சிலவற்றில் மகரந்தமே இருக்காது.