மூன்று ஜிமிக்கி, ஒரு மொட்டைமாடி

தங்கைக்கு அடுத்த மாதம் நிச்சயதார்த்தம். "எதைப் போடட்டும், சொல்லுக்கா" என்று மூன்று ஜோடி ஜிமிக்கியைக் கட்டிலில் பரப்பினாள்: கெம்பு, ஆக்சிடைஸ்டு, டெரகோட்டா. கண்ணாடி முன்னால் மூன்றுமே அழகாகத்தான் இருந்தன. ஆனால் கண்ணாடியை யார் ஆல்பத்தில் ஒட்டப்போகிறார்கள்? சாயங்காலம் ஐந்து மணிக்கு போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனோம். வெளிச்சம் பட்டால் எது என்ன செய்கிறது என்று பார்ப்பதுதான் திட்டம்.

முதலில் கெம்பு, சிவப்புக் கல் பதித்தது. நாகர்கோவில் வடசேரியில் சாமிக்கு நகை செய்த கைகளின் வேலை இது. பரதநாட்டியத் தலைசாமானோடு மேடை ஏறி, அப்புறம் கல்யாணப் பெண்களிடம் வந்தது. நாகர்கோவில் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடும் உண்டு. அசல் என்றால் வெள்ளியில் செய்து தங்க ரேக்கு, அதாவது மெல்லிய தகடு, ஒட்டியிருப்பார்கள். தங்கையுடையது செம்பில் முலாம் பூசியது, விலையிலேயே தெரியும். ஆனால் கல் பதிக்கும் முறை ஒன்றுதான்: கல்லின் பின்பக்கம் மூடியிருக்கும், அடியில் பளபளக்கும் ரேக்கு. உள்ளே போன வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி வருகிறது. ஃபிளாஷ் போட்டு நேராக எடுத்தேன், முலாமில் வெள்ளைத் திட்டு, கல்லெல்லாம் செத்துப்போச்சு. வெயில் பக்கவாட்டில் விழும்படி அவள் முகத்தைக் கொஞ்சம் திருப்பச் சொன்னேன். ஒவ்வொரு கல்லும் ஊதிவிட்ட கங்கு மாதிரி உள்ளிருந்து சிவந்தது. பட்டுப்புடவைக்கு இதை விட்டால் வேறு கிடையாது. கனம்தான் தொல்லை. காதிலிருந்து கூந்தலில் மாட்டிக் கனத்தைத் தாங்கும் மாட்டல் போடாமல் அரை மணி நேரம் தாங்கவில்லை, பாதிப் படங்களில் கை காதில்தான் இருக்கிறது.

அடுத்து ஆக்சிடைஸ்டு, கறுக்க வைத்த வெள்ளி நிற நகை. இதன்மேல் எனக்குப் பெரிய மரியாதை இல்லை, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பெயரே சரியில்லை: வெள்ளியைக் கறுக்க வைப்பது ஆக்சிஜன் இல்லை, கந்தகம். ஜெர்மன் சில்வர் என்று விற்பதில் வெள்ளியே கிடையாது. செம்பு, துத்தநாகம், நிக்கல். நிக்கல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் காது அரிக்கும். ஆனாலும் கேமராவுக்கு இது நல்ல பிள்ளை. பள்ளமெல்லாம் கறுப்பு, மேடெல்லாம் வெளுப்பு என்பதால் சின்ன மயிலின் தோகைக் கோடுகூடத் தெளிவாக விழுகிறது. தலைமுடியை விரித்துவிட்டால் மட்டும் கறுப்போடு கறுப்பாகக் காணாமல் போய்விடும். கொண்டை போட்டால் சரி.

டெரகோட்டாவைக் கடைசியில் வைத்தது, அதில் பெரிதாக எதிர்பார்க்காததால்தான். சுட்ட களிமண், மேலே அக்ரிலிக் பெயிண்ட். தங்கையுடையதில் பெயிண்டும் இல்லை. சுடும்போது புகையை வெளியே விடாமல் மூடிவைத்தால் மண் தானாகவே கறுத்துவிடும், அந்தக் கறுப்பு. இது வெளிச்சத்தைத் திருப்பி அடிப்பதில்லை, குடித்துவிடுகிறது. அதனால் பார்க்கிறவர் கண் நகையில் முட்டாமல் நேராக முகத்துக்குப் போகிறது. சுங்குடிப் புடவை, கறுப்பு ஜிமிக்கி, மேற்கு வெயில், அவ்வளவுதான். போனில் போர்ட்ரெய்ட் மோட் போட்டபோது கெம்பு ஜிமிக்கியின் தொங்கல் முத்துகளைப் பாதி மங்கலாக்கி விழுங்கியிருந்தது. தடித்த மண் ஜிமிக்கியிடம் அது பலிக்கவில்லை. ஆனால் மண் மண்தான். திருகாணியைக் கழற்றும்போது வலது ஜிமிக்கி கை நழுவி சிமென்ட் தரையில் விழுந்தது. குடை இரண்டு துண்டு.

நிச்சயதார்த்தத்துக்குக் கெம்பு என்று முடிவாகிவிட்டது, மாட்டலோடு. ஆக்சிடைஸ்டைத் திரும்பப் பெட்டியில் போட்டுவிட்டாள். ஆனால் அன்றைக்கு எடுத்ததில் அம்மா பிரேம் போடக் கேட்டது டெரகோட்டா படம்தான். அதில் அவள் இடப்பக்கமாகத் திரும்பிச் சிரிக்கிறாள். வலது காது வெறுங்காது. உடைந்த துண்டு இரண்டும் என் இடது கையில் இருந்தன.