கிணற்றுக் கட்டில் பாசி, உள்வளையத்தில் பன்னம்

தை மாதம் மட்டக்களப்பில் பழைய வீட்டுக் கிணறொன்றை எட்டிப் பாருங்கள். கட்டின் மேல் பாசி, உள்ளே வளைய இடுக்குகளில் பன்னம் (பெரணி என்றும் சொல்வார்கள்). இரண்டுக்கும் பூவில்லை, விதையில்லை, தூள்போன்ற வித்திகளால்தான் பரவுகின்றன. அதனால் ஒரே சாதி என்று நினைத்துவிடுகிறோம். (வழுவழுவென்று படரும் அல்காவை நான் பாசி என்று சொல்லவில்லை. உற்றுப் பார்த்தால் குட்டி இலைகள் தெரியுமே, அந்தப் பச்சை மெத்தையைச் சொல்கிறேன்.)

தண்ணீர் குடிக்கும் விதத்திலேயே இரண்டும் பிரிந்துவிடுகின்றன. பன்னத்துக்கு வேரும் உண்டு, தண்ணீரை மேலேற்றும் கலனிழையமும் உண்டு. முழ நீளத்துக்கு இலை விடுவது அதனால்தான். பாசிக்கு இருப்பவை வேர்ப்போலிகள், முக்கியமாகப் பிடித்துக்கொள்ள. இலை பெரும்பாலும் ஒரு கலத் தடிப்பு. உடம்பெல்லாம் நனைந்துதான் குடிக்கும், ஆகவே உயரவும் முடியாது.

அப்போ பன்னம்தான் பலசாலியா? வறண்ட கச்சான் காற்று வீசட்டும், பார்க்கலாம். போன ஆடியில் எங்கள் கிணற்றுக் கட்டுப் பாசி கருகிக் கிடந்தது. "செத்துப் போச்சு, சுரண்டி விடு மகன்" என்றார் அம்மம்மா. அரை வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு, "மறுகா பாருங்க" என்றேன். சில நிமிடங்களில் முறுக்கிக் கிடந்த இலைகள் விரிந்து பச்சை ஏறிவிட்டது. அம்மம்மா குனிந்து விரலால் தடவிப் பார்த்தார். உள்ளே கருகியிருந்த பன்ன இலைக்கு எத்தனை வாளி ஊற்றினாலும் அது நடக்காது. தண்டில் உயிர் இருந்தால், மரவட்டை சுருண்டதுபோல் புதுக் குருத்து வரும்.

வாழ்க்கை வட்டமும் தலைகீழ். பாசியில் நாம் காணும் பச்சை புணரித்தாவரம், அதாவது ஆண் புணரியையும் முட்டையையும் உண்டாக்கும் செடி. அதன்மேல் காம்போடு நிற்கும் சிறு உறைதான் வித்திகளை உண்டாக்கும் வித்தித்தாவரம், தாயில் ஒட்டியே வாழும். பன்னத்தில் பெரிய செடியே வித்தித்தாவரம். புணரித்தாவரமோ நகத்தைவிடச் சின்னதாய், பெரும்பாலும் இதய வடிவில் தனியே ஈரமண்ணில் கிடக்கும். இலைக்கடியில் வரிசையாக மண்ணிறப் புள்ளிகள் கண்டால் நோயென்று மருந்தடிக்காதீர்கள், அவை வித்திக் கூட்டங்கள். இரண்டிலும் ஆண் புணரி நீந்திப் போய்த்தான் முட்டையைச் சேர வேண்டும், ஆகவே மாரி இரண்டுக்கும் வேண்டும்.

ஒன்றில் மட்டும் பன்னத்துக்கே என் வாக்கு. வாவியோரக் கண்டலுக்குள் ஆளுயரத்துக்கு நிற்கும் பன்னம் ஒன்று உவர்நீரையும் தாங்குகிறது. எங்கள் கட்டுப் பாசியை நான் அங்கே கண்டதில்லை.

கிணற்றில்? கால் வைக்கும் இடத்தை மட்டும் தேய்த்துவிட்டு, மிச்சப் பாசியை விட்டுவைத்திருக்கிறேன். வளைய இடுக்கில் வேர் பெருத்த பன்னத்தைப் பிடுங்கி, தொட்டிக்குப் பக்கத்து நிழலில் நட்டாயிற்று.