ஹெல்மெட்டில் குரல் வரும் என்று சொல்லி ஏமாற்றினார்கள்: பைக் திரை வாங்கப் போகிறவர்கள் படியுங்கள்

கோபத்தில்தான் எழுதுகிறேன், கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அரை மாதச் சம்பளம் போயிற்று. ஹேண்டில்பாரில் மாட்டும் வழிகாட்டித் திரை ஒன்று, ஹெல்மெட்டுக்குள் வைக்கும் புளூடூத் ஹெட்செட் ஒன்று. இரண்டையும் ஒரே செட்டாக ஓர் ஆன்லைன் தளத்தில், பைக் சாமான்கள் விற்கும் ஒருவரிடம் வாங்கினேன். புகார் இன்னும் நிலுவையில் இருப்பதால் பெயர்கள் வேண்டாம்.

போனையே மாட்டிக்கொள்ளலாமே என்பீர்கள். பெரிய இன்ஜின் பைக்குகளின் அதிர்வில் ஐபோன் கேமரா கெடலாம் என்று 2021இல் ஆப்பிளே எச்சரித்தது. மழையும் வெயிலும் வேறு. போன் பாக்கெட்டில் இருக்கட்டும், மேப் திரையில் தெரியட்டும், திரும்ப வேண்டிய இடத்தில் குரல் காதில் விழட்டும். நான் கேட்டது இவ்வளவுதான்.

வாங்கும் முன் சாட்டில் நேராகவே கேட்டேன். "போன் திரையோடு இணைந்திருக்கும்போது, வழி சொல்லும் குரல் ஹெல்மெட்டில் வருமா?" உடனே பதில் வந்தது: "கண்டிப்பா வரும் சார். நானும் ரைடர்தான், தினமும் இதைத்தான் யூஸ் பண்றேன்." கூடவே ஒரு வீடியோ. திரையில் மேப், ஹெல்மெட்டுக்குள்ளிருந்து பாட்டு. விளம்பரத்தில் 'புளூடூத் 5.0' என்று கொட்டை எழுத்து. இதையெல்லாம் விட அந்த 'நானும் ரைடர்தான்' என்ற ஒரு வார்த்தைதான் என்னைச் சாய்த்தது. மழையில் நனைந்து ஓட்டுகிற ஒருவன் இன்னொருவனிடம் இப்படிப் பொய் சொல்வானா? சொல்கிறான். அரை மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு சொல்கிறான்.

ஹெட்செட்டை நேராகப் போனோடு இணைத்தால் பாட்டு, அழைப்பு, வழிக்குரல் எல்லாம் ஜோராக வருகிறது. போனைத் திரையோடு இணைத்ததும் ஹெல்மெட் ஊமையாகிவிடுகிறது. போனில் இருப்பதை வண்டித் திரையில் காட்டும் வசதிகள்தான் வயர்லெஸ் கார்ப்ளேயும் (ஐபோனுக்கு) ஆண்ட்ராய்டு ஆட்டோவும் (ஆண்ட்ராய்டு போனுக்கு). இரண்டிலும் இணைப்பைத் தொடங்கி வைப்பதுதான் புளூடூத். மேப்பும் பாட்டும் வழிக்குரலும் வைஃபை வழியாகத் திரைக்குப் போய்விடும். அங்கிருந்து ஹெல்மெட்டுக்கு அனுப்புவது திரையின் பொறுப்பு. அதற்கு ஒலியை வெளியே அனுப்பும் புளூடூத் திரையில் இருக்க வேண்டும். இதில் இருப்பதோ போனிடமிருந்து வாங்கிக்கொள்ளும் புளூடூத் மட்டும். செட்டிங்ஸில் ஹெட்செட்டைத் தேடும் பட்டனே கிடையாது. தன் பெயரைக் காட்டிக்கொண்டு போன் வருமா என்று உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். ஹெட்செட்டை போன் பேரிங், ஜிபிஎஸ் பேரிங் என்று எந்த இணைப்பு முறையில் வைத்தாலும் தேடுவதற்கு எதிர்ப்பக்கம் ஆளில்லை. 5.0 என்பது வெறும் பதிப்பு எண். அனுப்புமா வாங்குமா என்பதை அது சொல்லாது.

ஹோண்டா தன் 2018 கோல்டு விங் பைக்கில் கார்ப்ளே கொண்டுவந்தபோது, ஹெட்செட் இணைந்திருந்தால்தான் கார்ப்ளேயே திறக்கும் என்று வைத்தார்கள். இங்கே ஹெல்மெட் என்று ஒன்று இருப்பதே திரைக்குத் தெரியாது.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முதலில் "ரீசெட் பண்ணுங்க சார்". பண்ணினேன். "உங்க போன்தான் பிரச்சினை, வேற போன்ல பாருங்க." பார்த்தேன். "ஹெட்செட் கம்பெனிக்காரங்களைக் கேளுங்க." ஹெட்செட்டையும் விற்றது இவர்தானே! "ஃபர்ம்வேர் அப்டேட் வருது." இல்லாத பாகத்தை அப்டேட் எப்படிக் கொண்டுவரும்? கடைசியாக ஒரு தீர்வு சொன்னார் பாருங்கள்: திரையோடு போனை இணைக்காமல், ஹெட்செட்டைப் போனோடு மட்டும் இணைத்து ஓட்ட வேண்டுமாம். அப்படியென்றால் திரை எதற்கு, நேரம் பார்க்கவா?

திருப்பி அனுப்புகிறேன் என்றதும் குரலே மாறிவிட்டது. "வயர் கட் பண்ணிட்டீங்க, ரிட்டர்ன் கிடையாது." பைக் மின்சாரத்தில் வயரிங் செய்து பார்த்தால்தான் சோதிக்க முடியும் என்று எழுதியதே அவர்தான், சாட்டில் அப்படியே இருக்கிறது. தளத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு அந்த சாட்டை அனுப்பினேன். "விற்பனையாளரைத் தொடர்புகொள்ளவும்" என்று ஒரு வரி. மறுபடி எழுதினேன், "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று மெயில் வருகிறது. யாருக்குத் தீர்ந்தது? அரை மாதச் சம்பளம் அங்கேதானே இருக்கிறது!

அந்த வீடியோவை நேற்று மறுபடி பார்த்தேன். வழிக்குரல் ஒரு தடவைகூட வரவில்லை, பாட்டு மட்டும்தான். மேப் நகரவே இல்லை. மேசை ஓரத்தில் இன்னொரு போன் கிடக்கிறது, அதில் பாட்டு ஆப் திறந்திருக்கிறது.

விரிவாக டிப்ஸ் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமையில்லை. வாங்கும் முன் திரையின் புளூடூத் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் கேளுங்கள். ஹெட்செட்டைத் தேடி இணைக்கும் வசதி அதில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். டெமோ வீடியோ என்றால் பைக் ஓட, வழிக்குரல் கேட்க வேண்டும், பாட்டு போதாது. வயரை வெட்டாதீர்கள். வீட்டிலேயே பவர்பேங்க், அடாப்டர் எதிலாவது திரையை எரியவிட முடிந்தால் ஹெல்மெட்டில் குரல் வருகிறதா என்று முதலில் பாருங்கள். பேச்சை எல்லாம் சாட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள், போனில் பேசலாம் என்று கூப்பிட்டால் போகாதீர்கள். முக்கியமாக, 'நானும் ரைடர்தான்' என்று யாராவது ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

அந்தத் 'தீர்க்கப்பட்டது' மெயிலுக்குப் பதில் போட வேண்டும், வருகிறேன்.